மாப்பிள்ளை வீட்டுக் கரண்ட்

கார் ஆம்பூர் எல்லையைத் தாண்டுவதற்குள் கன்னியப்பனின் சட்டைப்பைக்குள் இருந்த போன் ஒருமுறை முனகியது. எடுத்துப் பார்த்தார். மூலையில் சிவப்பாக ஒரு கோடு. பக்கத்தில் ஒன்பது என்ற எண்.

இரவு முழுக்க சார்ஜில் கிடந்த போன் அது. வயரைச் சொருகியவர் சுவரில் சுவிட்சைப் போடவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு முழுத் தோலில் கொசு கடித்த தழும்பு இருந்தாலும் விரலை வைத்துக் காட்டிவிடுவார். அந்தக் கண்ணுக்கு ஒரு சுவிட்ச் தப்பிவிட்டது.

முன் இருக்கையிலிருந்து கங்காதரன் திரும்பினார். மாப்பிள்ளையின் பெரியப்பா. குடியாத்தத்தில் விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிற குடும்பத்துக்கு மூத்தவர். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண் வீட்டாரைச் சொந்தக் காரிலேயே கூட்டிப்போக, மெனக்கெட்டு அவரே வந்திருந்தார்.

"சார்ஜ் இல்லியா சம்பந்தி? உங்க முட்டியாண்டயே ரெண்டு ஓட்டை இருக்குது பாருங்க. சொருகிக்கினு ஜம்முனு உக்காருங்க."

முன் இருக்கைகளுக்கு நடுவே, குளிர்காற்று வரும் இடத்துக்குக் கீழே, இரண்டு யுஎஸ்பி துளைகள் மெல்லிய நீல வெளிச்சத்தோடு இருந்தன. அழகாகத்தான் இருந்தன.

"வேணாங்க. இருக்கிறது போதும்" என்றார் கன்னியப்பன்.

இதில் வீம்பு ஒன்றும் இல்லை. குடும்ப வழக்கம். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கன்னியப்பன் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சோறு மட்டுமல்ல, காபி, தண்ணீர், தட்டில் வைத்து நீட்டுகிற வெற்றிலை, எதையும் தொட மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் சொன்னதாகப் பொருள். நனைத்துவிட்டு வேண்டாம் என்றால் வாக்குத் தவறியதாகப் பொருள். இந்த வழக்கம் பல வீடுகளில் உண்டு என்றாலும், இவர்கள் இதை இத்தனை கண்டிப்போடு காப்பாற்றுவதற்கு ஒரு காரணம் இருந்தது. கன்னியப்பனின் தாத்தா, திமிரியில் ஒரு வீட்டில், பேச்சு முடிவதற்கு முன்னால் ஒரு கரண்டி கேசரி சாப்பிட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. தாத்தா போய்ச் சேர்ந்தார். அந்தக் கேசரியைக் கிண்டிய அம்மாளும் போய்ச் சேர்ந்தாள். ஆனால் திமிரிப் பக்கத்தில் கன்னியப்பன் குடும்பத்துக்கு இன்றைக்கும் ‘கேசரி வீட்டார்’ என்றுதான் பெயர்.

ஒரு கரண்டிக்கு இரண்டு தலைமுறை அவமானம். பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிது ஒன்றும் இருந்தது. மகள் மேகலாவுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை கார்முகிலன் குடும்பத்தோடு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். கன்னியப்பனுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அவர் மனைவி அமிர்தவள்ளிக்குப் பையனின் அம்மாவையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். இரவு மகளைக் கேட்டால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாளை மதியம் போனில் சொல்கிறேன் என்றாள். கன்னியப்பன் வற்புறுத்தவில்லை.

"நீ வாயைத் தெறந்து சொல்லாம நான் அந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்மா" என்று மட்டும் சொன்னார். சொன்னால் சொன்னதுதான்.

மேகலா ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். அங்கே போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் கைக்குக் கிடைக்கும். அவள் அழைப்பதும் அப்போதுதான். குடியாத்தத்தில் இலை போடுவதும் அப்போதுதான். அவள் குரல் வந்தால் இலையில் உட்காரலாம். வராவிட்டால் போட்ட இலையை விட்டு எழுந்து வர வேண்டும். பெண்ணின் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பெரிய மனிதர்களிடம் சொல்லவும் முடியாது. அந்த ஒரு அழைப்பு வந்து சேர வேண்டிய போன்தான் ஒன்பதில் நின்றது. அமிர்தவள்ளியின் போன் நூறு சதவீத சார்ஜோடு வீட்டு ஃபிரிட்ஜ் மேல் பத்திரமாக இருந்தது. மறந்துவிட்டாள்.

அவள் கணவனின் காதருகே குனிந்தாள். "ஏங்க, கரண்ட் இன்னா சாப்பாடா?"

"வேற இன்னா?"

"வாயில போறதுதாங்க சாப்பாடு."

"அவங்க வீட்டுது நம்மளுதுக்குள்ள போவுது. போனவொடனே இதுக்கு உசுரு வருது. அதுக்குப் பேரு இன்னா?"

அமிர்தவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னால் கங்காதரன், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, தறிகளைப் பற்றி ஆரம்பித்தார். எத்தனை தறி ஓடுகிறது, எந்த ஊருக்கெல்லாம் லுங்கி போகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்களுக்கு கரண்டுதாங்க சோறு. அது வந்தாத்தான் அடுப்புல ஒலை ஏறும்."

கன்னியப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்பு எதிர்க்கட்சி வாயாலேயே வந்துவிட்ட வக்கீலின் பார்வை.

சரி, இருக்கிற சார்ஜைக் காப்பாற்றுவோம் என்று திரையின் வெளிச்சத்தைக் குறைத்தார். ஒன்றும் தெரியவில்லை. என்ன குறைந்திருக்கிறது என்று பார்க்க மறுபடியும் கூட்டினார். எட்டு. மறுபடியும் குறைத்தார், கூட்டினார். ஏழு. பார்க்காமல் இருந்தாலே மிச்சமாகும் என்று அமிர்தவள்ளி சொன்னாள். அதுவும் நியாயம்தான் என்று போனையே அணைத்தார். அணைத்த பிறகு, மேகலா கொஞ்சம் முன்னதாகவே அழைத்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அவசரமாக உயிர்ப்பித்தார். அது கம்பெனிப் பெயரைக் காட்டி, வண்ண வண்ணமாகப் பூத்துச் சுழன்று, ஒரு பாட்டையும் பாடி முடித்து எழுந்தபோது ஐந்து.

அப்போதுதான் சாலையோரத்தில் பெட்ரோல் பங்க் தெரிந்தது. கன்னியப்பனின் மூளையில் ஒரு வழி திறந்தது. துளையில் வருவது கரண்ட். கரண்டைத் தருவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது பெட்ரோல். பெட்ரோல் நம்முடையதாக இருந்துவிட்டால் கரண்டும் நம்முடையதுதானே?

"தம்பி, வண்டியை பங்க்ல விடு" என்றார்.

ஓட்டுநர் செல்வகுமார் குடியாத்தத்துக்காரன். அதிகம் பேசாதவன். கழிவறைக்குப் போலிருக்கிறது என்று நினைத்து மரியாதையாக வண்டியைத் திருப்பினான். கன்னியப்பன் கதவைத் திறந்து இறங்கி, பங்க்கில் நின்றவரிடம் டேங்கை நிரப்பச் சொல்லி, பணத்தையும் நீட்டிவிட்டார். பங்க்காரர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்றும் வந்தார். பிறகு செல்வகுமாரைப் பார்த்தார்.

"எங்க சார் ஊத்துறது?" என்றான் செல்வகுமார். "இது கரண்ட் வண்டி."

வண்டி ஏன் இவ்வளவு நேரமும் சத்தமே இல்லாமல் வந்தது என்பது கன்னியப்பனுக்கு இப்போது விளங்கியது. புது வண்டி, அதனால் அடக்கமாக ஓடுகிறது என்று அவர் நினைத்திருந்தார். கங்காதரனுக்கு ஒரே பெருமை. இறங்கி வந்து, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, புகை கிடையாது, முழுக்க முழுக்க கரண்ட் என்று பங்க்காரருக்கும் சேர்த்து விளக்கினார். ஆனால் விளக்கி முடித்ததும் அவர் முகம் மாறியது. விருந்தாளி எதற்காக நம் வண்டிக்குப் பெட்ரோல் போட வந்தார் என்று அப்போதுதான் யோசித்தார் போலிருக்கிறது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கன்னியப்பன் மறுபடி ஏறியபோது முதுகைச் சாய்க்கவில்லை. முழு வண்டியுமே கரண்ட் என்றால், இப்படி உள்ளே உட்கார்ந்திருப்பது எந்தக் கணக்கில் சேரும்? கொஞ்ச தூரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கூட்டிக்கொண்டு போவது வேறு, ஊட்டிவிடுவது வேறு. உட்காரலாம். சொருகக் கூடாது.

மாதனூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் நசீர் அகமது, கன்னியப்பனுக்குப் பழக்கப்பட்டவர். தலையை வலிக்கிறது, ஒரு டீ குடித்தால் தேவலை என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். பாயிடம் ஒரு வயர் வாங்கி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் போனைச் சொருகினார். இந்தமுறை சுவிட்சை இரண்டு தடவை பார்த்துப் போட்டார். டீயை முடிந்தவரை ஊதி ஊதிக் குடித்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று சொன்னார். அதையும் ஆற வைத்துக் குடித்தார். காருக்குள்ளிருந்து கங்காதரன் இதை எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இருபதாவது வந்திருக்கும் என்று நம்பிக்கையோடு போனை எடுத்தார். நான்கு.

"பாய், ஏறலியே."

"எப்படி ஏறும்?" என்றார் நசீர் அகமது, கிளாஸைக் கழுவிக்கொண்டே. "காலையிலேர்ந்து ஷட்டவுன். சாயங்காலம்தான் கரண்ட் வரும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேட்டீங்களா? வயரு கேட்டீங்க, குடுத்தேன்."

திரும்பி வந்து ஏறியபோது காருக்குள் குளிர் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்த மாதிரி தோன்றியது. கங்காதரன் திரும்பாமலே பேசினார். குரலில் சம்பந்தி என்ற வார்த்தை போயிருந்தது.

"பெட்ரோல் பங்க்குக்குப் போறீங்க. டீக்கடையில சார்ஜ் போடறீங்க. எங்க வண்டியில மட்டும் வேணாங்கறீங்க. கசக்குதா?"

அப்படி எல்லாம் இல்லை என்று கன்னியப்பன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கங்காதரன் விடவில்லை. நேற்று இவர்கள் வீட்டுக்கு வந்தபோது தாங்களும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது முறை, தங்களுக்கும் மானம் மரியாதை உண்டு என்றார். ஆனால் போன் சார்ஜில் என்ன முறை இருக்கிறது என்று கேட்டார். கடைசியில் கேட்டதுதான் குத்தியது.

"எங்க கரண்டே வேணாங்கறவங்க, எங்க வீட்டுக்குப் பொண்ணை எப்படிங்க அனுப்புவீங்க?"

பாலாற்றுப் பாலம் வந்தது. கீழே மணலாகக் கிடந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு கன்னியப்பன் யோசித்தார். சொருகினால் மகளுக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொருகாவிட்டால் மகளுக்கு வந்த சம்பந்தமே போகும். அவள் ஒருவேளை சம்மதம் என்று சொல்ல இருந்தால்? அவள் சொல்வதற்கு முன்னாலேயே அப்பன் கெடுத்துவிட்டான் என்றல்லவா ஆகும்?

"வயரு இருந்தா குடுங்க" என்றார்.

கங்காதரனின் முகம் மலர்ந்தது. தன்னுடைய வெள்ளை வயரையே எடுத்துக் கொடுத்தார். கன்னியப்பன் ஒரு முனையை எல்லோரும் பார்க்கும்படி துளையில் சொருகினார். மறுமுனையை மடியில் விரித்திருந்த துண்டுக்குள் கொண்டுபோய், போனுக்குப் பக்கத்திலேயே சும்மா படுக்க வைத்தார். போன் ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம். பக்கத்தில் படுத்தால் பாவமில்லை.

"ஏறுதா சம்பந்தி?"

"ஏறுது, ஏறுது."

"எவ்வளோ?"

துண்டைத் தூக்கிப் பார்த்தார். மூன்று. "பதினைஞ்சு" என்றார்.

அமிர்தவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கங்காதரன் மறுபடி கேட்டார். இவர் இருபத்தெட்டு என்றார். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவர்; அதனால் நிறுத்தவும் தெரியவில்லை. உள்ளி கிராமத்துப் பக்கம் வந்தபோது நாற்பத்தொன்று ஆகியிருந்தது. நம்ம வண்டி சார்ஜு அப்படித்தான், குதிரை மாதிரி ஏறும் என்று கங்காதரன் ஓட்டுநரின் தோளில் தட்டினார். துண்டுக்குள் போன் இரண்டில் இருந்தது.

"அப்ப அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க சம்பந்தி. என்னுதுல டவரே இல்ல. வந்துட்டோம், எலை போடுங்கன்னு வூட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

நாற்பத்தொன்று இருக்கிறது என்று சொன்ன வாயால் எப்படி மறுப்பது? கன்னியப்பன் போனை நீட்டினார். கங்காதரன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இன்னாங்க இது, ரெண்டுதான் இருக்குது?"

கன்னியப்பன் மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தார். ஆனால் கங்காதரனின் சந்தேகம் இவர்மேல் போகவில்லை, வண்டிமேல் போனது. புது வண்டி, முதல் விருந்தாளி, அவர்கள் முன்னால் இப்படி மானத்தை வாங்குகிறதே என்று பேஜாராகிவிட்டார். பின்னால் இருக்கும் ஓட்டை சரியில்லை, முன்னால் இருப்பதில் போடு என்று செல்வகுமாரை அதட்டி, துண்டுக்கு அடியில் இருந்து வயரை உருவி, தன் கையாலேயே முன்பக்கத்து யுஎஸ்பியிலும் போனிலும் அழுத்திச் சொருகினார்.

கன்னியப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் போன் "டிங்" என்றது.

ஏறிவிட்டது.

காரின் நடுவே இருந்த பெரிய திரை விழித்துக்கொண்டது. இந்தப் போனைச் சேர்க்கட்டுமா, தொடர்புகளைப் பார்க்கட்டுமா, அழைப்புகளை எடுக்கட்டுமா என்று வரிசையாகக் கேட்டது. கங்காதரன் எல்லாவற்றுக்கும் தாராளமாக ‘ஆம்’ அழுத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்காரர், கேட்டதற்கெல்லாம் ஆம் சொல்லிப் பழகியவர். அடுத்த நிமிடம் காரின் நாலு மூலையிலிருந்தும் மணி அடித்தது. திரையில் எழுத்து எழுத்தாக மகள் பெயர் நின்றது.

"வேணாம், எடுக்காதீங்க" என்று கன்னியப்பன் முன்னால் பாய்ந்தார். கங்காதரன் உதவி செய்கிற வேகத்தில் பச்சையை அழுத்தியிருந்தார்.

"அப்பா" என்றாள் மேகலா. கூரையிலிருந்து, கதவிலிருந்து, கால்மாட்டிலிருந்து ஒரே சமயத்தில் சொன்னாள். பின்னால் சாப்பாட்டுக்கூடத்தின் இரைச்சல் கேட்டது. "அப்பா, நான் நேத்தே சொல்லியிருக்கணும். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. தப்பா எடுத்துக்காதீங்கப்பா. எனக்கு..."

கன்னியப்பன் வயரைப் பிடுங்கினார். அந்தக் கணமே போன் கண்ணை மூடியது. காருக்குள் குளிர்காற்று வரும் சத்தம் மட்டும்.

எனக்கு. எனக்கு என்ன?

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் அது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எந்தப் பெண் நல்ல சேதிக்கு முன்னால் சொல்வாள்? அமிர்தவள்ளியின் கண்ணில் நீர் நின்றது. கங்காதரன் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரி மட்டும் சிவந்திருந்தது.

சற்றுப் பொறுத்து அமிர்தவள்ளி வயருக்குக் கையை நீட்டினாள். "திரும்பப் போடுங்க. பொண்ணு இன்னா சொல்ல வந்தான்னு கேக்கணும்."

"வேணாங்கம்மா" என்றார் கங்காதரன். குரல் இறங்கியிருந்தது. "இப்ப எதுக்கு சார்ஜு? வீடு வந்துடுச்சு. சாப்ட்டுட்டுப் பேசிக்கலாம்." காலையிலிருந்து சொருகு சொருகு என்று வற்புறுத்திய மனிதர், இப்போது துளையின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவருக்கும் மானம் இருந்தது. ஓட்டுநர் முன்னிலையில், தன் சொந்தக் காரின் வாயாலேயே, தன் வீட்டுப் பிள்ளை வேண்டாம் என்ற சொல்லைக் கேட்க அவரால் முடியாது.

கன்னியப்பன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் உட்கார்ந்திருந்தார். தாத்தா, கேசரி, திமிரி எல்லாம் மனதில் வந்து போயின. பிறகு மகள் பாதியில் விட்ட அந்த ‘எனக்கு’ மட்டும் மிஞ்சியது. அங்கே ஒரு பெண், பாதி வார்த்தையோடு, செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"கையை எடுங்க" என்றார். கங்காதரன் எடுத்தார். கன்னியப்பன் தன் கையாலேயே, மறைக்காமல், சொருகினார். மாப்பிள்ளை வீட்டுக் கரண்ட் கேசரி வீட்டார் போனுக்குள் ஏறியது.

அது கண்ணைத் திறந்து, பூத்து, சுழன்று, பாட்டுப் பாடி முடிப்பதற்குள் கார் குடியாத்தத்துக்குள் நுழைந்துவிட்டது. மகளை அழைத்தார். நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நாலு மூலையிலிருந்தும் சொன்னாள். இடைவேளை முடிந்துவிட்டது. மேகலாவின் போன் லாக்கருக்குள் போய்விட்டது. இனி சாயங்காலம்தான்.

வழக்கமும் போயிற்று, பதிலும் கிடைக்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா தனகோடி, செம்பில் தண்ணீரோடு சிரித்த முகமாக நின்றிருந்தாள். உள்ளே கூடத்தில் வரிசையாக இலை போட்டு, உப்பும் இனிப்பும் வைத்தாகிவிட்டது. கார்முகிலன் வெள்ளை வேட்டியில் ஒரு தூணோரமாக நின்று, வந்தவர்களுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். கன்னியப்பனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படியில் ஏறாமல் நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அம்மா, தண்ணி வேணாம். நான் ஒண்ணு சொல்லணும். எங்க பொண்ணு இன்னும் சம்மதம் சொல்லல. அவ சொல்லாம உங்க வீட்ல கை நனைக்க மாட்டேன்னு நான் அவளுக்கு வாக்குக் குடுத்தேன். அதனாலதான் உங்க பெரியவரு அத்தனை தடவை சொல்லியும் வண்டியில சார்ஜு போடல. அவர்மேல எந்தக் கொறையும் இல்ல." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா கடைசியில போட்டுட்டேன். பொண்ணு குரலைக் கேக்கணும்னு, உங்க கரண்டை என் கையால எடுத்தேன். எங்க வீட்டுக் கணக்குல அது கை நனைச்சதுதான். வாக்கு தவறினவன் உங்க எலையில உக்காரக் கூடாது."

கூடத்தில் ஒரு கரண்டி வைக்கப்படும் சத்தம் கேட்டது. தனகோடி கையில் செம்பு அப்படியே நின்றது. கங்காதரன் நடந்ததெல்லாம் புரிந்து, மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிற குடும்பத்தைக் காரில் வைத்துத் திட்டினோமே என்று அவருக்கு. நேற்று அந்த வீட்டில் தாங்களும் பச்சைத் தண்ணீர் தொடவில்லை, அந்த வகையில் நாம் இரண்டு பேரும் ஒரே ஜாதி மனுஷர்கள் என்று ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். கன்னியப்பன் தலையை அசைத்துவிட்டுத் திரும்பினார்.

காரில் விட்டுவிட்டு வந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டு, செல்வகுமார் பின்னால் வந்து நின்றிருந்தான். காலையிலிருந்து என்னதான் நடக்கிறது என்று அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது. தூணோரம் நின்ற கார்முகிலன் அவனைப் பார்த்து, சொல்லாதே என்கிற மாதிரி அவசரமாகத் தலையை ஆட்டினான். செல்வகுமார் கவனிக்கவில்லை.

"அது உங்க வீட்டுக் கரண்டுதான் சார்" என்றான் செல்வகுமார். "நேத்து உங்க வீட்ல ஏத்தினதுதான், அப்பறம் வண்டிக்கு வேற எங்கயும் சார்ஜ் போடல. நீங்கல்லாம் ஹால்ல பேசிக்கினு இருக்கசொல்ல, வண்டிக்கு சார்ஜ் கம்மியா இருக்குதேன்னு பின்பக்கம் வந்து கேட்டேன், உங்க பொண்ணுதான் சமையல்கட்டு ஜன்னல் வழியா ஒயரை விட்டாங்க, ‘எங்க வீட்ல இதுவும் கை நனைக்கிறதுதான், மாப்பிள்ளைக்கும் சம்மதம்னா அவரையே வந்து சுவிட்ச் போடச் சொல்லுங்க’ன்னாங்க, சொன்னேன், இவரு செருப்புகூட மாட்டாம ஓடியாந்து போட்டாரு."